விசா முடிந்தவர் எல்லாரும் குற்றவாளியா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மலேசியாவில் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களைப் பிடிக்கும் வீடியோக்கள் நம் குழுக்களில் சுற்றுகின்றன. "எல்லாம் கிரிமினல்கள், விரட்டணும்" என்று சிலர் கீழே எழுதுகிறீர்கள். அப்படிப் பிடிபடுகிறவர்களில் இந்தோனேசியர், வங்கதேசத்தவரோடு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா போய் 30 நாள் தங்கலாம். அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் ஏஜெண்ட், "முதல்ல போ தம்பி, பெர்மிட் அங்கே எடுத்துக்கலாம்" என்கிறான். வேலையில் சேர்ந்த அன்றே அது விதிமீறல். நாள் கடந்து தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அனுமதி முடிந்து தங்குவதும், திருடுவதும் ஒன்றல்ல. "இத்தனை வெளிநாட்டவர் சிறையில்" என்று யாராவது கணக்குச் சொன்னால், அதில் விசா குற்றத்துக்காக உள்ளே இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இதில் லாபம் யாருக்கு? அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அதைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் பெர்மிட் இல்லாதவன் புகார் செய்யமாட்டான். செய்தால் முதலில் பிடிபடுவது அவன்தான். இதனால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் அடிபடுகிறது. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போகவேண்டிய இடம் முதலாளியும் ஏஜெண்டும். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. வீடியோவிலோ தொழிலாளியின் முகம் மட்டும்தான் தெரிகிறது.

வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். அங்கே போன பிறகு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அந்த நாட்டிலும் சட்டப்படி தவறு.

அந்த வீடியோவைப் பகிர்வதைவிட இந்த விவரத்தை ஊரில் கிளம்பத் தயாராக இருக்கும் ஒரு பையனிடம் சொல்லுங்கள். அவன் நகையை அடகு வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்