உருப்போட்ட உரைக்கு உத்தியோகம் கிட்டுமா?

"சிபாரிசுக் கடிதம் இல்லாதவனுக்கு உத்தியோகம் ஏது?" என்ற புலம்பல் எம்மவர் இல்லந்தோறும் ஒலிக்கின்றது. அதில் உண்மையே இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஆயினும் ஒன்றைக் கேட்கின்றோம். நேர்முகப் பரீட்சையில் பத்து நிமிடம் பேசுமாறு பணிக்கப்படும் எம் இளைஞருள் எத்தனை பேர் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒழுங்காக ஆயத்தஞ் செய்கின்றனர்? வழக்குக் கட்டைப் பிரித்துப் பாராமலே நீதிமன்றம் ஏறிய சட்டத்தரணி, தோற்ற பின் நீதிபதியைத் திட்டுவது நியாயமாகுமா?

சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நாலு கேள்வியோடு அனுப்பிவைத்த காலம் போய்விட்டது. விரிவுரையாளர் பதவிக்கும் தொண்டு நிறுவனப் பதவிக்கும் 'அளிக்கை' ஒன்றை நிகழ்த்திக் காட்டுமாறு கேட்கின்றனர். ஆசிரியராக வருவோரை வகுப்பெடுத்துக் காட்டச் சொல்கின்றனர். இம்மாற்றத்தை எம்மவர் இன்னும் உணர்ந்தாரில்லை.

அண்மையில் ஓர் இளைஞன் எம்மிடம் வந்தான். கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை, பட்டதாரி. நீர்வளத்தோடு தொடர்புடைய பதவியொன்றுக்கு அழைப்பு வந்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைக் காப்பது எங்ஙனம் என்பது பொருள்; நேரம் பத்து நிமிடம். அவன் ஆக்கி வந்த காட்சிவில்லைகளோ இருபத்தெட்டு! எம் பக்கம் முதுகைக் காட்டி, சுவரில் விழுந்த எழுத்துகளை வரிவரியாக வாசித்தான். நிலத்தடி நீர் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, பிறநாட்டார் செய்ததென்ன என்று இணையத்தில் அள்ளியவற்றை ஒப்புவித்தான். பத்து நிமிடம் முடிந்தது. அவன் இன்னும் குடாநாட்டுக்கு வந்து சேரவில்லை!

"தம்பி, உமது வீட்டுக் கிணறு எப்படி?" என்று கேட்டோம்.

"முந்தி நல்ல தண்ணீர், ஐயா. இப்போது வைகாசி, ஆனியில் உவர்க்கின்றது. அப்பா வெங்காயத்தைக் குறைத்துவிட்டார்."

"இதை ஏன் சொல்லவில்லை?"

"அது எங்கள் வீட்டுக் கதைதானே, ஐயா."

அந்தோ! முதற் சாட்சியைக் கூண்டில் ஏற்றாமல் வாசலிலே நிறுத்திவிட்டு வழக்காட வந்திருக்கின்றான்! ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. இயந்திரத்தால் மிகையாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். தகப்பனின் கிணற்றில் தொடங்கி இதனை விளக்க மூன்று நிமிடம் போதாதா? மிகுதி நேரத்தில் இறைப்பைக் கட்டுப்படுத்தல், மழைநீரைத் தேக்கல், மிகையான பசளையால் நீரில் நைத்திரேற்று சேர்வதைத் தடுத்தல் என்ற மூன்றையும் கூறி, "இப்பதவி கிடைப்பின் முதல் ஆறு மாதத்தில் இதனைச் செய்வேன்" என்று முடித்திருக்கலாமே!

இதுவே எமது வாதம்: அளிக்கை என்பது ஒப்புவித்தலன்று, வழக்குரைத்தல். ஒரு கோரிக்கை, மூன்று நியாயம், ஒரு முடிவு, அவ்வளவே. காட்சிவில்லை ஐந்தாறு போதும்; அவற்றில் படமும் கணக்கும் இருக்கட்டும், விளக்கம் உமது வாயில் இருக்கட்டும். மின்சாரம் நின்றாலும் உரை நில்லாதிருக்க அச்சுப் பிரதிகள் கையில் இருக்கட்டும். கடிகாரத்தை முன்வைத்து மும்முறை உரத்துப் பேசிப் பாரும்; அதில் ஒருமுறை, அத்துறை அறியாத ஒருவர் முன் பேசும். அவருக்கு விளங்காத இடம் உமக்கே விளங்காத இடம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லும். புளுகி அகப்பட்டவனுக்கு மறுவிசாரணை இல்லை.

மொழியால் அஞ்சுவோர்க்கும் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின் பின், அரசாங்க சேவைக்கு ஆட்சேர்க்கும் பரீட்சைக்குத் தமிழிலே தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகின்றது. நேர்முகப் பரீட்சையும் பரீட்சையே என்பது எமது நிலைப்பாடு. சிங்களத் தேர்ச்சி பெறாமையால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றது புலம்பலினாலா? ஆயத்தஞ் செய்த வழக்கினாலன்றோ!

தேர்வுச் சபையாரையும் நாம் விடோம். அளிக்கைக்கு எத்தனை புள்ளி, எதெதற்குப் புள்ளி என்பதை முன்கூட்டியே அறிவியாது, கதவை மூடிக்கொண்டு இலக்கம் இடுவது தேர்வாகாது. அரச பதவியாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தம் புள்ளிகளைக் கேட்டு விண்ணப்பிக்க எவரும் தயங்கலாகாது. ஆனால் செவ்வையாகப் பேசியவனே அநீதி என்று துணிந்து முறையிட முடியும். ஆயத்தமின்றிப் போனவன் எதைக் காட்டி வாதாடுவான்?

"உழுகிற நாளில் ஊர்வழி போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை" என்பதை எம் கமக்காரர் அறிவர். சனசமூக நிலையங்கள் வாரத்தில் ஓரிரவை இதற்கென ஒதுக்கட்டும். ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கமக்காரரும் தேர்வுச் சபையாக அமரட்டும். எம் பிள்ளைகள் எழுந்து நின்று பேசிப் பழகட்டும். சிபாரிசு தேடி அலையும் கால்கள் அங்கே வரட்டும்!