மறைவழிக்கு உயிர் இருக்கிறதா?

காளவாசல் நாற்சந்தியில் பாதை அடைபட்டால் மதுரைக்காரர் என்ன செய்வார்? பக்கத்துத் தெருவில் வண்டியைத் திருப்புவார். அந்தத் தெருவிலும் குழி வெட்டியிருந்தால்? "இந்தப் பக்கம் வராதீர்கள்" என்று முன்னாலேயே ஒருவர் நின்று சொன்னால் எவ்வளவு உதவி!

இன்டர்நெட்டிலும் இதே கதைதான்.

இலங்கையில் நடந்தது

2022-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் ஊரடங்கு. விலைவாசியும் மின்வெட்டும் தாங்காமல் மக்கள் கொதித்திருந்த நேரம். நள்ளிரவு கடந்ததும் வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எல்லாம் நின்றன. சர்க்கார் தடை!

ஆனாலும் பலர் பேசினார்கள். எப்படி? மறைவழியில்! அப்போதைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சேயின் அண்ணன் மகன் நாமல். அவர் மந்திரியும்கூட. தாமும் 'வி.பி.என்.' வழியாகத்தான் எழுதுவதாகவும், இத்தகைய தடையால் பயன் இல்லை என்றும் அவரே டுவிட்டரில் சொன்னார். சுமார் 15 மணி நேரத்தில் தடை நீங்கியது.

அது என்ன மறைவழி?

வேறோர் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நம் செய்தியை உறையில் இட்டு ஒட்டி அதனிடம் கொடுக்கிறோம். அது உரிய இடத்தில் சேர்க்கிறது. வழியில் நிற்பவர் உறையைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. இதற்குப் 'பிராக்சி' என்று பெயர். வி.பி.என்.னும் இதே குடும்பம்தான்.

2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் மூண்டது. அங்கே தடைப்பட்டிருந்த 'சிக்னல்' என்ற செய்திச் சேவை, "ஈரான் மக்களுக்காகப் பிராக்சி நடத்துங்கள்" என்று உலகத்தாரை அழைத்தது. தொண்டர்கள் முன்வந்தார்கள். விளக்கை ஏற்றுவது எளிது. அணையாமல் காப்பது அல்லவா கஷ்டம்!

நாடி பார்க்கும் வேலை

இதற்கென்று ஒரு காவல் கம்ப்யூட்டர் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது பிராக்சியின் கதவைத் தட்டும். பதில் வராவிட்டால் உடனே நடத்துகிறவருக்குத் தகவல் பறக்கும்.

அது மட்டும் போதுமா? போதாது. எந்திரம் ஓடும், ஆனால் அதன் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும். இலவசச் சான்றிதழ்களில் பல 90 நாளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மறந்தால், விளக்கு எரிந்தும் கதவு திறக்காது.

இன்னொன்று மிக முக்கியம். தடை உள்ள நாட்டிலிருந்து தட்டினால் கதவு திறக்கிறதா? லண்டனிலிருந்து பார்த்து "உயிர் இருக்கிறது" என்றால், தெஹ்ரானில் தவிக்கும் தாய்க்கு என்ன லாபம்? அதை உள்ளே இருப்பவர்தான் சோதித்துச் சொல்ல முடியும். அவருக்கோ அதில் ஆபத்து உண்டு!

நம் நாட்டில்

வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றை வி.பி.என். கம்பெனிகள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் இந்திய சர்க்காரின் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவிட்டது. குற்றங்களைத் துப்புத் துலக்க இது தேவை என்றது சர்க்கார். அந்தரங்கம் போய்விடும் என்றன கம்பெனிகள். 'எக்ஸ்பிரஸ் வி.பி.என்.' ஜூன் மாதமே இந்தியாவிலிருந்த தன் கம்ப்யூட்டர்களை அகற்றிக்கொண்டது.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

ஓடுகிறது என்பதாலேயே ஒன்றை நம்பிவிடலாகாது. இலவசம் என்று கண்ட வி.பி.என்.னைப் போனில் ஏற்றினால், நாம் எங்கெங்கே போகிறோம் என்பதை அதை நடத்துகிறவர் பார்க்க முடியும்.

பக்கத்துத் தெரு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது யாருடைய தெரு என்றும் கேளுங்கள்!