புரூஃப் அப்லோடு பண்ற அவசரத்தில் "ப்ரொசீட்" அழுத்தாதீங்க

ஜனவரி மாசம். இன்வெஸ்ட்மென்ட் புரூஃப் கொடுக்கக் கடைசி நாள். ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கம்பெனி பேரோல் தளத்தைத் திறந்தா குரோமில் சிவப்பு முக்கோணம், கீழே ERR_CERT_DATE_INVALID-ன்னு வர்ற அந்த எச்சரிக்கை. எச்ஆரைக் கேட்டா, "அட்வான்ஸ்டு போய் ப்ரொசீட் கொடுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னு பதில்.

கொடுக்கக் கூடாதுங்கிறதுதான் என் கருத்து.

முதல்ல உங்க லேப்டாப்பில் தேதி சரியா இருக்கான்னு பாருங்க. அது தப்பா இருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். தேதி சரின்னா, தளத்தோட சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கு. பெரும்பாலும் யாரோ புதுப்பிக்க மறந்திருப்பாங்க, உண்மைதான். ஆனா எதிர்ல இருப்பது அதே தளம்தான்னு பிரவுசரால் இப்போ உறுதி கொடுக்க முடியாது. பழைய ஆடிட் ரிப்போர்ட்டைக் காட்டினா பேங்க் லோன் கொடுக்குமா?

தேதிக்குப் பதில் AUTHORITY_INVALID-ன்னு வந்தா இன்னும் மோசம். சான்றிதழ் கொடுத்தவரையே பிரவுசர் நம்பலைன்னு அர்த்தம். (அவங்களையும் 'சிஏ'ன்னுதான் சொல்வாங்க, எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லை!) நம்பின இடத்திலேயே தவறு நடந்ததும் உண்டு. 2014 ஜூலையில் நம்ம என்ஐசி வழியா கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடிச்சது. அதனால பிரவுசர்கள் கறாரா இருக்கிறதை நான் குறை சொல்ல மாட்டேன். சில தளங்கள்ல ப்ரொசீட் பட்டனே வராது, எல்லா இடத்திலும் அப்படி இருந்தா இன்னும் நல்லது.

எச்சரிக்கை வரலைன்னா தளம் நல்லதுன்னும் நினைக்காதீங்க. சான்றிதழ் இலவசமாவே கிடைக்குது, மோசடி தளமும் வாங்கும். பூட்டுப் படத்தை மக்கள் தப்பா நம்புறாங்கன்னுதான் குரோம் 2023-ல அதையே எடுத்துடுச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். புரூஃப் கொடுக்கலைன்னா டிடிஎஸ் கூடப் பிடிப்பாங்க, பிப்ரவரி, மார்ச் சம்பளம் கடிக்கும். ஆனா பழைய வரி முறையில் 80சி, எச்ஆர்ஏ ரெண்டையும் ரிட்டர்ன்ல நீங்களே க்ளெய்ம் பண்ணலாம், ரீஃபண்ட் வரும். பான், சம்பள விவரம், பாஸ்வேர்டு வேற கைக்குப் போனா அதுக்கு ரீஃபண்ட் கிடையாது.

தம்பி ஸ்கிரீன்ஷாட்டோட எச்ஆருக்கும் ஐடி டீமுக்கும் மெயில் போட்டார், இன்னும் ரெண்டு நாள் டைம் கேட்டார். மறுநாள் மதியம் சான்றிதழைப் புதுப்பிச்சாங்க, தேதியும் நீட்டிச்சாங்க.