மணிக்கட்டுல நாடி பாத்து பாதத்தைக் காப்பாத்த முடியாது

பட்டுக்கோட்டையில மருத்துவம் பாக்குறேன். "இது அரசியல் பதிவு இல்ல"ன்னு தொடங்கப் போறதில்ல. தண்ணியைப் பத்திப் பேசினாலே அரசியல்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

கோடையில் சிறுநீரகக் கல் வலியோடு வருபவர்கள் கூடுவார்கள். மரம் ஏறுறவங்க, தேங்காய் உரிக்கிறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க. "போர் தண்ணி குடிச்சதாலயா டாக்டர்?"னு கேப்பாங்க. உப்புத் தண்ணி அப்படியே கல்லா மாறிடாதுங்க. வெயிலில் உழைப்பவர் போதுமான தண்ணீர் குடிக்காததுதான் முதல் காரணம். மூணு லிட்டர் குடிங்கன்னு சொன்னேன். சேதுபாவாசத்திரம் பக்கத்து அம்மா ஒருத்தங்க திருப்பிக் கேட்டாங்க: "போர் தண்ணி வாயில வைக்க முடியல, கேன் தண்ணி காசு. எந்தத் தண்ணியைங்க மூணு லிட்டர் குடிக்கிறது?"

அதுக்கு என்கிட்ட மருந்துச் சீட்டு இல்ல.

கடலோரத்தில் நல்ல தண்ணீர், மண்ணுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஒரு அடியை உறிஞ்சிட்டா? உப்பு 40 அடி மேல ஏறும். ஒரே நாள்ல நடக்காது. ஏறின பிறகு இறக்குறது லேசுப்பட்ட காரியமும் இல்ல. வங்கதேசக் கடலோரத்தில் உப்பேறிய குடிநீர் குடித்த கர்ப்பிணிகளிடம் ரத்த அழுத்தம் கூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கும் அந்த நிலைமை வரணுமா?

அந்த ஒரு அடியை நிறுத்தி வைப்பது மழையும், புது ஆறும், அது நிரப்பும் ஏரிகளும்தான். புது ஆறுன்னா கல்லணைக் கால்வாய். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது. 148 கிலோமீட்டர் நீளம், சுமார் 2.27 லட்சம் ஏக்கர் பாசனம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் இதை நம்பித்தான். நாம கடைமடை.

சர்க்கரை நோயாளிக்கு மணிக்கட்டுல நாடி நல்லாத்தான் அடிக்கும். பாதத்துல தொட்டுப் பார்த்தா இருக்காது. கையை மட்டும் பாத்து அனுப்பினா, அடுத்த முறை விரல் கறுத்துப்போய் வருவார். ஜூன் 12 மேட்டூர் திறப்பு விழா மணிக்கட்டு நாடி. 2023-ல் தேதி தவறாமல் திறந்தார்கள், பூ தூவினார்கள். அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். நடுவுல குறுவை கருகினது யாருக்கும் மறந்திருக்காது. கர்நாடகா தரலங்கிறது உண்மை. ஆனா வந்த தண்ணி எந்தத் தேதியில எந்தக் கடைமடை ஏரிக்குப் போச்சுன்னு யாராவது போர்டு வச்சாங்களா?

இன்னொரு கொடுமை. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 192 டிஎம்சியில் இருந்து 177.25 ஆகக் குறைத்தது. அதில் 10 டிஎம்சி, தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் போனது. சரி, அந்த நிலத்தடி நீரையாவது காப்பாத்தினோமா? 2021-ல் 2,640 கோடி ரூபாய் கால்வாய்ச் சீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். தரையிலும் கான்கிரீட் போடுவது தெரிந்ததும் விவசாயிகள் எதிர்த்தார்கள். "கடைமடைக்குத் தண்ணி வேகமா வரட்டுமே, நீங்க ஏன் எதிர்க்கிறீங்க?"ன்னு கேட்ட இன்ஜினீயர் நண்பர் உண்டு. நியாயமான கேள்விதான். கரை உடையாம இருக்க பக்கச் சுவர் போடுங்க, ஷட்டரைச் சரி பண்ணுங்க, யார் வேண்டாம்னா? தரையை மூடினா வழியெல்லாம் ஊறுற தண்ணி நின்னுடும். அந்த ஊத்தை எந்த 2,640 கோடியால திருப்பி வாங்குவீங்க?

இப்ப நம்ம பக்கம் வருவோம். இதைப் படிச்சா சிலருக்குக் கோபம் வரும். 2018 நவம்பர் 16-ல் கஜா நம் தோப்புகளைச் சாய்த்தது. மறுபடி நட்டோம், கூடவே போரை ஆழப்படுத்தினோம். மின்சாரம் இலவசம், மோட்டார் தானா ஓடுது, வாய்க்கா மாதிரி தண்ணி கட்டுறோம். சொட்டு நீரில் ஒரு தென்னைக்கு நாளைக்கு நூறு லிட்டருக்கும் குறைவாகவே போதும். எங்க வீட்டுத் தோப்பும் போன வருஷம் வரை இப்படித்தான் ஓடுச்சு, ஒளிக்க ஒண்ணுமில்ல. அந்த அம்மா வீட்டு உப்புல என் மோட்டாருக்கும் பங்கு உண்டு.

அதே கஜாவுக்குப் பிறகு, பேராவூரணிப் பசங்க கைஃபான்னு சங்கம் வச்சு, 2019-ல் 500 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினாங்க. அரசாணைக்குக் காத்துக்கிட்டு உக்காரல. ஆனா வெட்டின குளத்துக்கு ஆத்துத் தண்ணி விட வேண்டியது அரசுதானே?

கேட்பது பெரிய விஷயமில்லை. தண்ணீர் திறந்தால் முதல் முறை கடைமடை ஏரிகளுக்கு. ஒவ்வொரு ஏரிக்கரையிலும் தண்ணீர் வந்த தேதியும் அளவும் எழுதிய பலகை. கால்வாய்த் தரை மண்ணாகவே இருக்கட்டும். கடலோர ஒன்றியங்களில் புது ஆழ்துளைக் கிணறுக்குக் கணக்கு வேண்டும், என் தோப்பு உட்பட.

உங்க ஊர் ஏரிக்கு இந்த வருஷம் எந்தத் தேதியில தண்ணி வந்துச்சு? தெரியலன்னா நாளைக்குக் காலையில நடந்துபோய்ப் பாத்துட்டு, நீர்வளத் துறைக்காரங்களைக் கேளுங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு வாக்கிங்கும் ஆச்சு. செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க.