அரிசி இருந்தால் போதுமா? பாதை யார் கையில்?

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாக ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அரிசியும் பருப்பும் மருந்தும் ஏறியது இந்த மலைப்பாதையில்தான். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் இறங்கியதும் இதே பாதையில்தான். ஆகவே மலையில் வாழ்ந்தவர்களுக்கு ஓர் உண்மையை யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை: பாதை எவன் கையிலோ, வயிறும் அவன் கையில்!

2023 டிசம்பர் வெள்ளத்தில் மாஞ்சோலையில் ஒரே நாளில் 55 சென்டிமீட்டர் மழை பெய்தது. கீழே ஸ்ரீவைகுண்டத்தில், செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். நெல்லைக் கடைகளில் அரிசி இல்லையா? இருந்தது. பாதைதான் இல்லை. கடைசியில் ஹெலிகாப்டரிலிருந்து பொட்டலம் போட வேண்டியதாயிற்று.

அங்கே குறுக்கே நின்றது வெள்ளம் மட்டுமே. துப்பாக்கி குறுக்கே நிற்கும் இடத்தில் என்ன நடக்கும்? இன்று உலகெங்கும் போர்க்களங்களில் பசித்துக் கிடக்கும் மக்களை நினைக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மூட்டை தானாக நடக்காது

நிவாரணம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது உண்டியலும் அரிசி மூட்டையும்தான். நல்ல மனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மூட்டை தானாக நடக்காது. அதற்கு லாரி வேண்டும், டீசல் வேண்டும், டிரைவர் வேண்டும். ஏற்றி இறக்கத் தோள் வேண்டும். மழை ஒழுகாத, எலி புகாத கிடங்கு வேண்டும். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்ற கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த லாரியைச் சுடமாட்டோம் என்று சண்டையிடும் இரு தரப்பும் கொடுக்கும் உறுதி வேண்டும்.

விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளிக்கு இது புரியும். பஞ்சுப் பேல் நேரத்துக்கு வராவிட்டால் ஆயிரம் கதிர் இருந்தும் நூல் வராது. அம்பாசமுத்திரத்து விவசாயத் தொழிலாளிக்கும் புரியும். களத்தில் நெல் குவிந்து கிடந்தாலும், தார்ப்பாயும் வண்டியும் வராவிட்டால் ஒரு மழை போதும், அத்தனையும் முளைத்துப்போகும்.

வன்னி சொல்லும் பாடம்

தொலைதூரம் போக வேண்டாம். கடலுக்கு அப்பால் பாருங்கள். 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவின் பேரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். கிடங்கும் கணக்கும் சாட்சியும் அவர்களோடு போயின. பிறகு ஐ.நா. லாரித் தொடர்கள் அவ்வப்போதுதான் உள்ளே போக முடிந்தது. 2009 ஜனவரியில் 11-ஆவது தொடர் போனது. அதோடு போன ஐ.நா. ஊழியர்கள் சிலர், அரசே அறிவித்த போர் தவிர்ப்பு வலயத்தில், சுதந்திரபுரத்தில் உணவு விநியோக மையம் அமைத்தார்கள். இடத்தின் குறிப்பையும் ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் ஷெல் விழுந்தது!

இன்னொரு கொடுமை கணக்கில் நடந்தது. வன்னியில் சுமார் 2½ லட்சம் பேர் இருப்பதாக ஐ.நா. மதிப்பிட்டது. 70 ஆயிரம் பேர்தான் என்று கொழும்பு அரசு சாதித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2½ லட்சம் பேருக்கு 125 டன். பத்து டன் லாரியில் 13 லாரி. 70 ஆயிரம் பேருக்கு 35 டன்; நான்கு லாரி போதும். காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றினால், துப்பாக்கி இல்லாமலே ஒன்பது லாரிச் சோற்றைத் தட்டிப் பறிக்கலாம்! போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்துசேர்ந்தவர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேரும் எங்கிருந்து வந்தார்கள்?

தரைவழி அடைபட்டபின் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனுக்கு வந்தது. பிப்ரவரி முதல் மே 9 வரை, காயம்பட்டவர்களும் உடன் வந்தவர்களுமாக 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. உணவும் கொண்டு வந்தது. அதற்குப் பின் குண்டு மழையில் கப்பலும் கரையை நெருங்க முடியவில்லை. மக்களுக்கு ஒரு பக்கம் நந்திக்கடல், ஒரு பக்கம் பெருங்கடல், நடுவே ஷெல். விடுதலைப் புலிகளும் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறோம். இரு தரப்புக்கும் மக்கள் பகடைக்காய் ஆனார்கள்.

வழி அடைபடுவது என்றால் என்ன என்று மாஞ்சோலைக்குத் தெரியும். 1999 ஜூலை 23-ல் கூலி கேட்டு நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன மக்களுக்கு ஒரு பக்கம் போலீஸ் தடி, மறுபக்கம் தாமிரபரணி. 17 உயிர்கள் பறிபோயின.

பேசினால் பாதை திறக்கும்

1987 ஜூன் 3-ல் ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவு ஏற்றிச் சென்ற சுமார் 20 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் சுமார் 25 டன்னை வானிலிருந்து போட்டன. ஆயிரம் பத்திரிகைகள் படம் போட்டன. ஆனால் 25 டன் எத்தனை வேளைக்கு வரும்? இரு அரசுகளும் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் கப்பல் வழியே காங்கேசன்துறையில் பொருள் ஒழுங்காக இறங்கியது.

2009-ல் புலம்பெயர்ந்த தமிழர்கள் திரட்டி 'வணங்காமண்' கப்பலில் அனுப்பிய 884 டன் பொருள் என்ன ஆயிற்று? அது இலங்கைக் கடலை அடைந்தபோது போரே முடிந்துவிட்டது. கப்பல் திருப்பி அனுப்பப்பட்டு, சரக்கு சென்னையில் இறங்கி, மறுபடி கொழும்பு போய், துறைமுகக் கட்டணத் தகராறில் முடங்கியது. தொழிலாளியின் வியர்வைக் காசு துறைமுகத்தில் தூங்கியது.

காஸாவிலும் இதே கதைதான். போருக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 500 லாரி போன இடம் அது. 2025 மார்ச் 2-ல் இஸ்ரேல் அடியோடு அடைத்தது. இரண்டரை மாதம் எல்லையில் லாரிகள் நின்றன. ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்கா பல கோடி டாலர் செலவில் மிதக்கும் துறை கட்டியது. அலையில் உடைந்து, சுமார் 20 நாள் வேலை செய்து, ஜூலையில் கழற்றப்பட்டது. ஒரு பக்கம் இஸ்ரேலுக்கு ஆயுதம், மறுபக்கம் பசித்தவனுக்கு மிதவை! தரைப் பாதையைத் திறக்கச் செய்திருந்தால் இந்த வேடிக்கை எதற்கு?

"எதிரி தின்பானே!"

பாதையைத் திறந்தால் எதிரிதான் தின்பான் என்று ராணுவங்கள் சொல்லும். சரி, சோதனை செய்யுங்கள். ஏற்றும் இடத்தில் எண்ணுங்கள், முத்திரை வையுங்கள், இறக்கும் இடத்தில் மறுபடி எண்ணுங்கள். நடுநிலையாளர் சாட்சி இருக்கட்டும். சோதனை என்ற பெயரில் குழந்தையின் பால்பவுடரை மாதக்கணக்கில் வெயிலில் போடுவது சோதனையல்ல, முற்றுகை. பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை 2018-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. கண்டித்த காகிதம் சோறு போடாது; அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

நாம் கோருவது இவை: போர்முனையில் நிவாரணப் பாதையும் கிடங்கும் எந்தப் படையின் கையிலும் இருக்கக்கூடாது. மக்கள்தொகைக் கணக்கைச் சண்டையிடும் தரப்பு மட்டும் எழுதக்கூடாது. வானிலிருந்து பொட்டலம் போட்டுவிட்டுத் தரைப் பாதையை மூடி வைக்கக்கூடாது. மூட்டை சுமக்கும் தொழிலாளியும் வண்டியோட்டியும் எந்தத் தரப்பின் துப்பாக்கிக்கும் இலக்காகக்கூடாது.

நம் வீட்டு வாசலிலும் இதே நியாயத்தைக் கேட்கிறோம். 2024 ஜூனில் மாஞ்சோலைத் தோட்டத்தில் வேலை நின்றது. அதன் பிறகும் ஊரை விட மறுத்த குடும்பங்களுக்கு பஸ், ரேஷன், வைத்தியம் தடையின்றி மலையேற வேண்டும். பாதையை இறுக்கி மனிதனைப் பணிய வைக்கும் வித்தை வன்னியில் குற்றமென்றால், காஸாவில் குற்றமென்றால், மணிமுத்தாறிலும் குற்றமே.

தோழர்களே! அடுத்த முறை நிவாரண உண்டியல் வரும்போது கையிலுள்ளதைத் தாராளமாகப் போடுங்கள். போட்டுவிட்டுக் கேளுங்கள்: எந்த வழியாகப் போகிறது? எந்தக் கிடங்கில் இறங்குகிறது? அங்கே எண்ணுவது யார்? கேட்கத் தொடங்கினால்தான் பாதை திறக்கும்.