எலி தின்ற தார்ப்பாய்

2005 ஜூலை 26 இரவு, வால்துனி ஆற்றோரத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மும்பை சாந்தாகுரூஸில் அன்று 944 மில்லிமீட்டர் மழை பெய்தது பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் 9 குடும்பங்கள் ஒண்டினோம். மூன்றாம் நாள் நிவாரணத் தார்ப்பாய் வந்தது. பிரித்தபோது மடிப்புகள் ஒட்டிக் கிழிந்தன. நடுவே எலி தின்ற ஓட்டை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அதை இரண்டாக மடித்துப் பிடித்தாள். ஓட்டைக்கு நேராகவே ஓட்டை வந்தது.

அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். எண்ணிப் பார்க்க ஆளில்லாத சரக்கு எப்படிப் போகும் என்று அறிவேன்.

கல்யாணில் விபத்து மீட்பு ரயில் ஒன்று நிற்கிறது. விபத்தே நடக்காத வருஷத்திலும் அது தயாராக இருக்க வேண்டும். ஜாக்கி, விளக்கு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் பட்டியல்படி சரிபார்க்கப்படும். ஒத்திகை வைத்து, எத்தனை நிமிஷத்தில் கிளம்புகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். வீடிழந்தவனின் கூரைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

தற்காலிகக் குடில்களை மாநகராட்சி மேட்டு நிலத்துக் கிடங்கில் வைக்கட்டும். ஒரு குடிலின் தகடு, கம்பி, போல்ட், கயிறு அத்தனையும் ஒரே கட்டாக இருக்கட்டும்; நட்டு தனி, போல்ட் தனி என்று வைத்தால் மழை இரவில் தேடி மாளாது. மே மாதம் ஒரு கட்டை மைதானத்தில் முழுசாக நிறுத்திப் பார்க்கட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். கத்ரீனா புயலுக்காக அமெரிக்க அரசு வாங்கிய நடமாடும் வீடுகளில் சுமார் 10,000 ஆர்கன்சாவின் ஹோப் ஊர் விமான நிலையத்தில் சும்மா கிடந்தன. வெள்ளம் ஏறும் நிலத்தில் அவற்றை நிறுத்தக்கூடாது என்பது அந்த அரசின் சொந்த விதி!

தற்காலிகக் குடில் நிரந்தரமாகிவிடாதா என்றால், பக்கத்து உல்ஹாஸ்நகரின் கதை வேறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ பாரக்குகளில், தேசப் பிரிவினையில் வந்த சிந்தி அகதிகள் குடியேறினார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் இல்லை. இன்றும் ஆட்டோக்காரர் 'கேம்ப் நாலு' என்றுதான் கேட்கிறார். எங்களுக்கோ தண்ணீர் வடிந்ததும் வீடு இருந்தது. எங்களைப் போல் வீடு மிஞ்சியவர்களுக்குக் குடிலைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுத் திரும்ப எடுக்கலாம். கழுவிய தார்ப்பாயை அக்டோபர் வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்துத்தான் மடிக்க வேண்டும். ஈரம் ஒரு மூலையில் இருந்தாலும் அடுத்த ஜூலைக்கு அது உதவாது.