சாயம் வெளுத்தால் போதாது

இரும்பு திருப்பூருக்குப் புதிதல்ல. சாயக்கழிவு நீரில் சுண்ணாம்பையும் அன்னபேதியையும் கொட்டிக் கலக்கி, நிறத்தை அடியில் படியவைத்து, தெளிந்த நீரை நொய்யல் ஆற்றில் திறந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். அதனால் சாயம் அழியவில்லை, நீரிலிருந்து கசடுக்கு இடம் மாறியது. அந்தக் கசடு மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலைய வளாகங்களில் குவிந்தது. வெளியேறிய நீரில் உப்பு அப்படியே இருந்தது. பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அதன் பாசன விவசாயிகளே நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ ஏற்பாட்டுக்குத் தொழில் மாறியதும் நாம் அறிந்ததே.

இப்போது இரும்பு வேறு உருவில் பேசப்படுகிறது. மேக்னடைட், ஹெமடைட், கோத்தைட் போன்ற தாதுக்களை, மண்ணில் கிடைப்பவற்றை அரைத்துப் பொடியாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்த்துச் சாய மூலக்கூறுகளையே உடைக்கலாம் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. இது வெறும் ஆசைப்பேச்சு அல்ல. இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதை ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர் 1894இலேயே விளக்கி எழுதினார். இந்த வினையில் ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பு பிறக்கிறது என்ற விளக்கத்தை 1934இல் ஹேபரும் வைஸும் முன்வைத்தார்கள். கண நேரம்கூட நிலைக்காத அந்தத் தனியுறுப்பு, எதிர்ப்படும் கரிம மூலக்கூறு எதுவானாலும் பாய்ந்து பிய்க்கும். பிற்பாடு அமெரிக்க ஆய்வாளர்கள், மாசுபட்ட மண்ணில் இரும்பு உப்பு எதுவும் சேர்க்காமல் பெராக்சைடை மட்டும் செலுத்தினாலும், மண்ணிலேயே இருக்கும் கோத்தைட் போன்ற தாதுக்கள் அந்த வேலையைச் செய்வதைக் கண்டார்கள். மின்னசோட்டாவில் ஒரு பழைய வெடிமருந்து ஆலையின் அடியில் எடுத்த நிலத்தடிப் படிவங்களில், நுண்ணுயிர்களின் துணையின்றியே குளோரின் கலந்த கரைப்பான் எச்சங்கள் குறைவதாகவும், அதில் மேக்னடைட்டுக்குப் பங்கிருப்பதாகவும் 2004இல் ஆய்வு வெளிவந்தது. அங்கே பெராக்சைடும் இல்லை, வினையும் வேறு.

அன்னபேதி முறையோடு ஒப்பிட்டால் தாதுவுக்கு இரண்டு அனுகூலங்கள் உண்டு. இரும்பு திடப்பொருளில் பிணைந்திருப்பதால் கசடு குறைகிறது. மேக்னடைட் என்றால் காந்தத்தால் இழுத்தெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். பெராக்சைடோ பின்னலாடைத் தொழிலுக்குப் பழகிய சரக்கு. துணியை வெளுக்க அதைத்தான் ஊற்றுகிறார்கள். துணியில் மிஞ்சிய பெராக்சைடை, சாயம் ஏற்றுமுன் ‘கில்லர்’ போட்டு முறிக்கிறார்கள். அந்த மிச்சம் கழிவுநீருக்குப் போதும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்; ஆனால் பொருளைக் கையாளத் தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆகவே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. சோதனை நடக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடக் குடுவை அல்ல, பொதுச் சுத்திகரிப்பு நிலையம். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில், வாலை வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற ஒரே சாயத்தை மட்டும் கரைத்து, அது வெளுப்பதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பருத்திக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் உப்பு அள்ளிக் கொட்டப்படுகிறது. சோடா, சோப்பு, பிடிக்காமல் போன சாயம் எல்லாம் கூடவே வருகின்றன. உப்பிலுள்ள குளோரைடு, சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சிலைத் தானே விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, புதிய குளோரின் சேர்மங்கள் உண்டாகவும் வாய்ப்புண்டு. ஃபென்டன் வினை நன்றாக ஓடுவது நீரின் பி.எச். 3 அளவில் இருக்கும்போது. சாயக்கழிவோ காரத்தன்மை மிக்கது. அமிலம் ஊற்றி இறக்கி, வேலை முடிந்ததும் காரம் ஊற்றி ஏற்றினால், ஊற்றியது அத்தனையும் மேலும் உப்பாகிறது.

நிறத்தை மட்டும் அளந்து வெற்றி அறிவிப்பதை ஏற்க முடியாது. அசோ வகைச் சாயத்தில் நிறம் தரும் பிணைப்பு அறுந்தாலே கண்ணுக்கு நீர் தெளிந்துவிடும். அறுந்த துண்டுகள் அங்கேயேதான் மிதக்கும். அவற்றில் சில புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய அரோமேட்டிக் அமீன்களாக இருக்கலாம். மொத்தக் கரிமம் எவ்வளவு குறைந்தது, என்ன துண்டுகள் மிஞ்சின, அந்த நீரில் மீன் பிழைக்குமா என்று பார்த்த பிறகே அது சுத்திகரிப்பு என்ற பெயருக்குத் தகும். ‘இயற்கைத் தாது’ என்ற அடைமொழிக்கும் மயங்க வேண்டாம். பைரைட் என்ற இரும்புத் தாதுவும் இயற்கையானதுதான், அதோடு ஒட்டிவரும் ஆர்சனிக்கும் இயற்கையானதுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த முறையைக் காட்டி ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்பது. எந்த இரும்புத் தாதுவும் உப்பை உடைக்காது. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதுதான் நொய்யல் வழக்கின் மையம். அந்தக் கணக்கில் மேக்னடைட்டால் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. இந்த முறைக்குப் பொருத்தமான இடம், நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால். சவ்வை அடைக்கும் கரிமக் கழிவு அங்கே குறைந்தால் சவ்வின் ஆயுள் கூடும். மிஞ்சும் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும் கரைசலிலும் முயலலாம், அங்கே குளோரைடு இன்னும் அதிகம் என்றாலும். கடைசியில் மிஞ்சி, வைக்க இடமில்லாமல் குவியும் கலப்பு உப்பில் கரிமம் குறைந்தால், அதைப் பிரித்து மறுபடியும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் வழி எளிதாகும். பட்டறைக்காரர்களுக்கு உண்மையான லாபம் இருப்பது இங்கேதான்.

தாது எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். சேலத்துக் கஞ்சமலையிலும் திருவண்ணாமலைக் கவுத்திமலையிலும் மேக்னடைட் இருக்கிறது. கவுத்திமலையில் சுரங்கம் வேண்டாம் என்று ஊர்மக்கள் போராடியதும் பலருக்கு நினைவிருக்கும். வினையூக்கியாக வேலை செய்யும் தாது எளிதில் தீர்ந்துபோகாது, தேவை குறைவு. அதற்காக ஒரு மலையில் கைவைப்பது அபத்தம். ஏற்கெனவே கழிவாகக் கிடப்பதை முதலில் பார்க்கலாம். மேட்டூரில் அலுமினியத் தொழில் விட்டுப்போன செஞ்சேற்றில் இரும்பு ஆக்சைடு நிறைய உண்டு. அதன் காரத்தைத் தணிக்க வேண்டியிருக்கும், என்றாலும் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, கோடையும் மழையும் சேர்ந்த முழு ஓராண்டுக்கு இந்தச் சோதனையை நடத்தட்டும். செலவை அரசும் ஏற்றுமதியாளர்களும் பகிர்ந்துகொள்ளலாம். கண்காணிப்புக் குழுவில் நொய்யல் பாசன விவசாயிகளுக்கு இடம் வேண்டும்; மாதாமாதம் எடுக்கும் அளவீடுகள் தமிழில் வெளியாக வேண்டும். சோதனை ஓடும் காலத்திலும், அது வென்ற பிறகும், ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனையில் ஒரு வரியும் மாறக் கூடாது.